இடைவேளை, உலான்பாதர்

தேசிய அணி மூன்று கோல் வாங்கியிருந்தது.
பயிற்சியாளர் வெட்ரான் குரோஷிய மொழியில்
நான்கு நிமிடம் கத்தினார்.
நரன்கெரெல் கேட்டுக்கொண்டு நின்றாள்,
கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அவள் ஸாக்ரெபில் படித்தது கால்நடை மருத்துவம்.
மடி, குளம்பு, வயிற்றில் தலைமாறிக் கிடக்கும் கன்று,
எல்லாவற்றுக்கும் அவளிடம் சொல் இருந்தது.
ஆஃப்சைடுக்கு இல்லை.

கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினாள்:
"ஓநாய் இடப்பக்கமாக வருகிறது.
நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு ஆட்டைப் பார்க்கிறீர்கள்.
மந்தையைப் பாருங்கள்."

"அவர் சொன்னது இவ்வளவுதானா?" என்றேன்.
மாற்றுக் கோல்கீப்பருக்கு வேறென்ன வேலை.
"மீதி, உன் அம்மாவைப் பற்றி."

அதன்பிறகு கோல் விழவில்லை.
நாங்களும் போடவில்லை.

எண்பதாவது நிமிடம்,
வலது ஓரத்தில் எர்ஹெம்
பந்தோடு மூச்சுவாங்கி நின்றபோது
வெட்ரான் கோட்டருகே ஓடிப்போய்
இங்கு வந்து கற்ற ஒரே சொல்லை வீசினார்:
"ச்சூ!"

குதிரையை விரட்டச் சொல்வது அது.
எர்ஹெம் சிரித்துவிட்டான்.
சிரித்தபடியே
இரண்டு பேரைத் தாண்டிப் போனான்.