இரவு இரண்டு மணி வெயில்

முப்பத்தோரு வருடம்
தீவுக்குப் போகும் பெர்ரியில் கயிறு வீசினேன்.
நவம்பர்ப் புயலில்
லாரிக்காரர்கள் தளத்தில் சுருண்டு கக்கும்போது
அருகில் நின்று காபி குடித்தேன்.
வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது எனக்கு.

முதல் சுற்று தெரியப்படுத்தியது.
ட்ரொம்சோவிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணிநேரம்.
ஓட்வார் நான்கு முறை காரை நிறுத்தினான்.
பிறகு குளியலறை.
சுவரில் நாற்பத்தாறு ஓடுகள், ஒன்றில் விரிசல்.
வெளியே வர ஒன்றுமில்லாத பின்னும்
உடம்பு குனிந்து குனிந்து
யாரிடமோ மன்னிப்புக் கேட்டது.

இரண்டாம் சுற்றில் நர்ஸ் மாரெட்
பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்.
"ஸ்டீராய்டு. காலையில் மட்டும், சாப்பிட்ட பிறகு.
தாமதித்துப் போட்டால் தூக்கம் வராது."

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மாத்திரைகள், இரண்டு.
கடல் அப்படியே படுத்துக்கொண்டது.

காலையில்தான் போட்டேன்.
ஆனால் ஜூன் மாதம் இங்கே
காலை எப்போது முடிகிறது?

விக்கல் வந்தது, ஏழு மணிநேரம்.
அவ்வளவு நேரம் என்னை நினைக்க
இந்த ஊரில் ஆளில்லை.
கன்னம் சிவந்தது, காய்ச்சலில்லை.
பசி வந்தது, வெட்கமில்லாமல்:
பாலாடைக்கட்டியைக் கத்தியின்றிக் கடித்தேன்,
ஓட்வாரின் மீன் உருண்டைகளையும்,
அவன் பார்த்துக்கொண்டிருக்கையில்.

இரவு இரண்டு மணி. சுள்ளென்று வெயில்.
படகுக் கொட்டகைக்குச் சிவப்பு அடித்தேன்.
அது முடிந்தும் கை நிற்கவில்லை.
பக்கத்து வீட்டு ஆர்ன்ஃபின்னின் வெள்ளை வேலியில்
பதினோரு பலகைகள்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நான்காம் நாள் மாத்திரை இல்லை.
கடன் கொடுத்தவன் வட்டியோடு வந்தான்.
கால்கள் நனைந்த கயிறு.
வானொலியில் மீனவர்களுக்கான வானிலை,
'தென்மேற்குக் காற்று, மிதமானது',
கேட்டுவிட்டு அழுதேன்.
மிதமானது என்ற சொல்லுக்காக.

மூன்றாம் சுற்று. இன்னும் ஊசி ஏறவில்லை.
ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் கைகழுவும் திரவ வாசனை,
வாயில் நீர் ஊறிவிட்டது.
மாரெட் ஓடிவந்து கிண்ணம் நீட்டினாள்.
"மாத்திரை போட்டீர்கள்தானே?"
போட்டேன் அம்மா.
வயிற்றுக்குப் போட்டேன்.
மூக்குக்கு யார் சொல்வது?

அன்று மாலை வீடு திரும்பினால்
படியில் ஒரு டின் சிவப்பு பெயின்ட்.
மேலே புது பிரஷ்,
ஆர்ன்ஃபின்னின் கோணல் கையெழுத்து:
"இன்னும் இருபத்தெட்டுப் பலகை பாக்கி."

ஓட்வார் தூங்கிவிட்டான்.
கறுப்புத் திரைக்குப் பின்னால் அவனுக்கு இரவு இருக்கிறது.
நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினேன்,
விக்கிக்கொண்டே,
டின்னை எதால் திறப்பது என்று தேடியபடி.