தே ஓ கொசோங்

தொண்டையில் துளையிட்ட பிறகு
மூன்று மாதமாக
வேறு யாருடைய தேநீரையோ குடிக்கிறேன்.

ஈசூன் காப்பிக்கடையில்
ஒரு விரல் காட்டினால்
பாலும் சீனியுமாய் வந்து நிற்கிறது.
எழுதிக் காட்டப் பேனா தேடுவதற்குள்
பின்னால் நிற்பவர் இருமுகிறார்.

வீட்டிலும் இதுதான்.
பதிலை நான் தட்டி முடிக்கையில்
மாசிலாமணி
அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறார்.
அல்லது மூக்குக்கண்ணாடியைக்
கழற்றி வைத்துவிடுகிறார்.
நேற்றுச் சொல்ல வேண்டியது
இன்னும் கைப்பேசியில் கிடக்கிறது
ஆறாமல்.

இன்று கோப்பையைத் திருப்பித் தள்ளினேன்.
மேசையெங்கும் பால்.
கைப்பேசியை உயர்த்தி அழுத்தினால்
கடை முழுக்கக் கேட்கிற மாதிரி
அது நேற்றைய வரியை முழங்குகிறது:
"உங்க அக்கா சொன்னா மட்டும் கேப்பீங்களா?"

சீனக் கடைக்காரர் விழித்தார்.
தட்டு எடுக்கும் பார்வதக்கா
தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
எனக்கும் சிரிப்பு.
கழுத்துத் துணிக்கடியில்
புஸ் புஸ்ஸென்று வெறும் காற்று.

சீனி டின்னைக் காட்டிக் கையை விரித்தேன்.
மேசையைத் துடைத்தபடி அவர்,
"கொசோங்?"

தலையாட்டினேன்.

கசந்தது.
என்னுடையது.