நான்கு என்ற தகடு

எங்கள் பலகையில் எண்கள் ஆணியில் தொங்கும்.
விருந்தினருக்கு ஒன்பது வரை,
எங்களுக்கு நான்கு வரை.
அதற்குமேல் தகடு வெட்டுவது வீண் செலவென்று
சங்கத்தில் தீர்மானமே உண்டு.
அந்த நான்கையும் நான் எடுத்துப்போனேன்,
ஆறு வருடத்துக்கு முந்தைய புயலில்
படகுக் கொட்டகையின் ஜன்னல் பெயர்ந்தபோது.
யாரும் கேட்கவில்லை.
கேட்கும்படி யாரும் கோல் போடவுமில்லை.

ஃபாரோ தீவுகளில் மைதானம் என்பது
கடல் போனால் போகிறதென்று விட்டுவைத்த இடம்.
ஒருபுறம் மலை, நனைந்த செம்மறிகள்.
மறுபுறம் வலை, வலைக்கு அப்பால்
பந்து பொறுக்கவென்றே படகில் எல்ஸ்பா,
முழங்காலிடுக்கில் காபி பிளாஸ்க்.

கோப்பையின் அரையிறுதி.
தோற்றால் அவ்வளவுதான், மறு ஆட்டம் கிடையாது,
திங்கட்கிழமை மீன் ஆலை.
தலைநகர்க்காரர்கள் பேருந்தில் வந்திறங்கினார்கள்,
எல்லோர் பையும் ஒரே நிறம்.
எங்கள் கோல்கீப்பர் ஹெய்னி
காலை ஐந்து மணிக்குத்தான் கரையேறியிருந்தான்.
கையுறைக்குள்ளும் கானாங்கெளுத்தி வாசம்.

டாஸில் தோற்றுக் காற்றுக்கு எதிரே நின்றோம்.
"முதல் பாதியைத் தாங்குங்கள்,
பிற்பாதியில் காற்று நம்முடையது."
பயிற்சியாளரின் மொத்த வியூகமும் இதுதான்.

தாங்கவில்லை.
பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒன்று.
இரண்டாவதை எப்படிச் சொல்வது?
ஹெய்னி ஓங்கி உதைத்த பந்து
நடுவானில் எதையோ மறந்தாற்போல் நின்று
திரும்பி வந்தது,
அவன் தலையைத் தாண்டி, கோட்டையும் தாண்டி.
கார்னர். அதில் கோல்.
மூன்றாவதை நான் பார்க்கவில்லை.
ஏணியில் நின்று இரண்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளை. பக்கம் மாறினோம்.
காற்று நின்றுவிட்டது.

கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.
மழை மட்டும் நேராக இறங்கியது, வெட்கமே இல்லாமல்.
நாற்பத்தைந்து நிமிடம் கடன் கொடுத்துவிட்டு
வசூலிக்கப் போனால்
ஆள் ஊரிலேயே இல்லை.
கோட்டோரம் நின்ற கார்களில் நான்கு
விளக்கைப் போட்டுக் கிளம்பிப் போயின.

ஐம்பத்தெட்டாம் நிமிடம்: ரெக்வியின் விலாவில் பட்டு உள்ளே.
அவனே அதைக் கோல் என்று சொல்ல மாட்டான்.
ஹாரன் ஒன்று, பாதி மனதோடு.

ஆனால் அதன்பின் ஒன்று புரியத் தொடங்கியது,
முதலில் கால்களுக்கு, பிறகு தலைகளுக்கு:
காற்றில்லாத பந்து
நினைத்த இடத்துக்கே போகிறது.
பிறந்ததிலிருந்து சாய்த்து உதைத்துப் பழகியவர்கள்
முதன்முறையாக நேராக உதைத்தார்கள்,
சந்தேகத்தோடு,
அடுத்தவர் வீட்டுக் கதவு திறந்திருக்கக் கண்டவர்போல்.

எழுபத்தொன்று: சீமுன், கணக்கு வாத்தியார்,
தூரத்திலிருந்து, மேல் மூலையில்.
எண்பத்தெட்டு: மறுபடி சீமுன்.
மூக்கில் ரத்தம், அது பந்தோ முழங்கையோ.
மூன்றை மாட்டும்போது
ஏணி தானாக நடுங்கியது.
போன கார்களில் இரண்டு திரும்பி வந்திருந்தன.

கூடுதல் நேரம். இரண்டாவது நிமிடம்.
ஹெய்னி எதற்காக நடுக்கோட்டைத் தாண்டி ஓடினான் என்று
அவன் மனைவிக்கே இன்னும் தெரியாது.
பந்து அவன் தலைக்கு வந்தது.
அந்தத் தலை, முற்பாதியில்
பந்து தாண்டிப்போன அதே தலை.

ஹாரன்கள். மலையில் ஆடுகள் சிதறின.
என் கை நான்காவது ஆணிக்குப் போனது.
ஆணி மட்டும் இருந்தது.

"மூன்றையும் ஒன்றையும் சேர்த்து மாட்டு!" என்று ஒருவன்.
மாட்டினால் முப்பத்தொன்று.
சாக்பீஸால் எழுதினேன், மழை அழித்தது.
இன்னொரு முறை எழுதினேன்.
அவர்கள் பந்தை நடுவில் வைத்துவிட்டார்கள்.
நடுவர் பலகையைப் பார்க்கிறார், மொத்த ஊரும் பார்க்கிறது,
கூரையில்லாத அந்த இடத்தில்
நாங்கள் இன்னும் மூன்றாகவே இருக்கிறோம்.

மூன்றைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு
கையை உயர்த்தினேன்.
வலது கை. அதில் மூன்றரை விரல்தான்,
மிச்சம் ஆலையின் வெட்டு இயந்திரத்தில்.
சிரித்தார்கள்.
ஏணியில் கை மாற்றி இடதை உயர்த்தினேன்,
கட்டைவிரலை மடக்கி.

ஒரு பந்து கம்பத்தில் மோதிய சத்தம்.
கண்ணை மூடியிருந்தேன், கையை இறக்கவில்லை.

விசில் ஊதி வெகுநேரம் கழித்து,
எல்லோரும் ஹெய்னியைத் தூக்கிக்கொண்டு போனபின்
வலைக்குப் பின்னாலிருந்து எல்ஸ்பாவின் குரல்:
"எத்தனை?"
கடல் பக்கம் திரும்பினேன்,
மரத்துப்போன அதே நான்கு விரலோடு.
மூடுபனிக்குள் அவளும் எதையோ உயர்த்திக் காட்டினாள்.
பந்தாக இருக்கலாம்.
அன்று கடலுக்குப் போனவை ஏழு.