அரைப் பேர்

குமுளி செக்போஸ்ட் தாண்டியதும்
வேனில் எல்லோருக்கும் குளிர ஆரம்பித்தது.
ஞானசிகாமணி சார் மட்டும் மப்ளரைத்
தேனி ஆபீசிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.
ஆண்டுக் கணக்கு முடித்ததற்குக் கூலி
பீர்மேட்டில் இரண்டு நாள்.

விடுதிக்குப் பழைய துரை பங்களா என்றே பெயர்.
காலை ஆறுக்கு ஒரு வெண்கல மணி அடித்தது.
யோகாவுக்கு, என்றான் சிபிச்சன்
கட்டன் சாயாவை நீட்டியபடி.
பண்டு அது பெரட்டு மணியாணு, சேச்சி.

நிலவறையில் இப்போது மது வைத்திருக்கிறார்கள்.
கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்.
ஓடிப்போய்ப் பிடிபட்டவர்களுக்கு, என்று தொடங்கியவன்
மேனேஜர் வரவும்
கிளாஸ்களைத் துடைக்கப் போய்விட்டான்.

சாப்பாட்டுக் கூடத்தில்
கண்ணாடிக்குள் விரித்து வைத்த ஒரு செக்ரோல்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று, செப்டம்பர்.
பக்கத்தில் ஒரு தராசு, மான்கொம்பு, பூச்சாடி.
அழகுக்கு வைத்ததைப் படிக்கக் கூடாதுதான்.
பதினேழு வருடமாக
அடுத்தவர் பேரேட்டில் பிழைக்கிறவளுக்குக்
கண் தானாகவே கடைசிக் கட்டத்துக்குப் போகும்.

மூக்கம்மாள். ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, அரை.
தவசி. ஒன்று, அரை, அரை, அரை.
பிறகு ஒரு கோடு.

கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர்.
காய்ச்சலோடு ஏறி
மத்தியானம் உட்கார்ந்துவிட்டால் அரைப் பேர்.
தன் பேர்கூட முழுசாய்க் கிடைக்காத மலை.
தவசியின் கோட்டை ஒட்டிச் சிவப்பு மையில்:
பற்று பதினொரு ரூபாய், மூக்கம்மாளுக்கு மாற்றியது.
சாவு என்று எங்கும் இல்லை.
அந்தத் தலைப்பில் கணக்குத் திறக்கவில்லை போல.
மாற்றியது
நானும் தினம் எழுதுகிற சொல்.

டிஷ்யூ பேப்பரில் கூட்டிப் பார்த்தேன்.
மூன்று ரூபாய் ஆறணா உதைத்தது.
மறுபடி கூட்டினேன்.
அதே மூன்று ரூபாய் ஆறணா
குறைந்தது மூக்கம்மாள் பக்கம்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டாள் ஹைட்ரூன்.
பவேரியாக்காரி, எழுபது தாண்டியவள்,
எதிர் மேசையில் தனியாகப் புட்டைக்
கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தவள்.
வருடத்தைச் சொன்னேன்.
கண்ணாடியில் விரலை வைத்தாள்.

எங்கள் மலையிலும் இப்படி ஒரு விடுதி, என்றாள்.
நாஜிப் பெரிய மனிதர்கள் ஓய்வெடுத்த மலை.
குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு வேலி போட்டார்கள்.
அடியில் சுரங்கம்.
மேலே இப்போது எண்ணெய்க் குளியல்.
வருகிறவர்கள் கேட்பது
பனி தெரிகிற ஜன்னல்.
அந்த வருடம் என் அப்பாவுக்குப் பதினாறு,
அங்கே பாத்திரம் துலக்கினார்.
ஒரு வெள்ளிக் கரண்டி வீட்டுக்கு வந்திருந்தது.
நல்ல கனம்.
நாங்கள் அதில்தான் சூப் ஊற்றிக்கொள்வோம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தின் அடியில் பெரிய கங்காணியின் கையெழுத்து.
பேரைக் கறையான் தின்றிருந்தது.
ஊரை விட்டுவைத்திருந்தது: சின்னமனூர்.

சின்னமனூரில் எங்கள் வீட்டில்
ஓர் ஈட்டிமரக் கட்டில் உண்டு.
மலையிலிருந்து வந்தது என்பார்கள்.
எந்த மலை, எவர் சுமந்தது, என்ன விலை,
ஒரு வவுச்சர் கிடையாது.
நான் பிறந்தது அதில்தானாம்.
சின்னமனூரில் எத்தனையோ வீடு, எத்தனையோ கட்டில்
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
கறையானுக்கு நன்றி சொல்லாத குறையாக.

கிளம்பும்போது ஒரு படிவம் தந்தார்கள்.
காட்சி எப்படி இருந்தது?
சார் எல்லோருக்கும் சேர்த்து
ஐந்து நட்சத்திரம் போட்டார்.

இடம் தெரியாத தொகைக்கு
எங்கள் தொழிலில் ஒரு தலைப்பு உண்டு, சஸ்பென்ஸ்.
மார்ச் முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும்.
தீராவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தூக்கிப் போடுவோம்,
அடுத்த ஆண்டும்.

வண்டிப்பெரியாற்றில் வேன் நின்றது.
எல்லோரும் இறங்கித் தேயிலை வாங்கினார்கள்.
நானும் வாங்கினேன், அரைக் கிலோ.
டிஷ்யூ பேப்பரை ஒதுக்கிவிட்டுப்
பையில் துழாவினேன்.
சில்லறை சரியாக இருந்தது.