ஒளிகாலும் இருவாயி

நிஸ்தார் நானா,
காசைத் திருப்பிக் கேட்க வரவில்லை நான்.
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு நீங்கள் தந்த பல்பு
நன்றாகத்தான் எரிகிறது.

அன்றைக்கு பொகவந்தலாவை பஸ் கிளம்ப
எட்டு நிமிசம் இருந்தது.
என் மூன்று பற்றரி டோச்சின் கழுத்தைத் திருகி
பழைய பல்பை உள்ளங்கையில் கவிழ்த்தீர்கள்.
கண்ணாடிக்குள் மயிரிழைக் கம்பி,
ஓரமெல்லாம் சுருட்டுக் குடித்த பல் மாதிரிக் கறுப்பு.
"இது பற்றரி தின்னி அக்கா," என்றீர்கள்.
"புதுசு மூன்று மாசம் போகும்."

வீட்டில் போட்டேன், எரியவில்லை.
உங்களை ஒரு வார்த்தை திட்டினேன், மன்னியுங்கள்.
மகள் நர்மதா வாங்கி
பற்றரிகளைத் தலைகீழாகப் புரட்டினாள்.
பழையதற்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான்.
இதற்கு வாசல் எது, கொல்லை எது என்று தெரிய வேண்டுமாம்.
விஞ்ஞானப் புத்தகத்தில் பேரே இருக்கிறதாம்:
ஒளிகாலும் இருவாயி.
இரண்டு வாய் இருந்தும்
ஒன்றால் மட்டுமே சாப்பிடும் சாதி.
சங்கத்துக்காரர்கள் இரண்டாலும் சாப்பிடுவார்கள் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் எரிந்தது பாருங்கள்!
லயத்துத் தகரத்தில் எத்தனை ஆணி,
பீலியடியில் யார் வீட்டு வாளி,
குறுக்குப் பாதைப் படியில் நெளியும் அட்டையின் முதுகு வரை
எல்லாம் வெட்டவெளிச்சம்.
மூடுபனி இறங்கினால் மட்டும்
சுண்ணாம்பு அடித்த சுவரொன்றை
எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தது.
சுவருக்குள் காலை விட்டு விட்டு
பக்டரி போய்ச் சேர்ந்தேன்.

சூடும் இல்லை இதில்.
பழையதன் வாயைப் பொத்தினால்
விரலிடுக்கெல்லாம் சிவக்கும்,
விறைத்த கை கொஞ்சம் என் கையாகும்.
இது ஐஸ் பெட்டி மீனின் கண்.

விசயத்துக்கு வருகிறேன்.
செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
ரோலர் நின்றது. விசிறி நின்றது.
ரோதை முனிக்கு ஏற்றிய திரி மட்டும் நிற்கவில்லை.
மேசையில் விரித்த தூள் நிற்குமா?
அது பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருந்தது.
பச்சை போய்,
புளி போட்டு விளக்கிய செப்புக்குடம் போல
ஒரு நிறம் வரும் நானா,
அந்த நிமிசத்தில் அள்ளிவிட வேண்டும்.
பத்தொன்பது வருசமாக
அந்த நிறத்தைக் கண்டுசொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கள் பல்பைப் பிடித்தேன்.
தூள் சாம்பல் பூத்த பச்சையாகவே கிடந்தது.
பொறுத்தேன்.
மறுபடி பிடித்தேன், பொறுத்தேன்.
ஆச்சு, அள்ளு என்றது மூக்கு.
இன்னும் இல்லை என்றது கண்.
அவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது
மூக்கை யார் கேட்பார்?

விடிய டீமேக்கர் விக்ரமரத்ன ஐயா
ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார்.
"சாயம் செத்துப்போச்சு."
என்னைப் பார்க்காமல் சொன்னார்.
நூற்றெண்பது கிலோ.

அன்று இரவு வேலைக்குப் போகுமுன்
இரண்டு பல்பையும் மாற்றி மாற்றிப் போட்டு
மகளின் சிவப்பு ரிப்பனில் அடித்துப் பார்த்தேன்.
புதியதில் அது காய்ந்த ரத்தம்.
பழையதில் ரிப்பன்.

டோச்சின் பின்மூடிக்குள், சுருள்கம்பிக்கு நடுவே
உபரி பல்புக்கென்று ஒரு குழி இருக்கிறதே,
இத்தனை வருசம் காலியாகவே வைத்திருந்தேன் அதை.
பழையது இப்போது அங்கே குடியிருக்கிறது.
பாதைக்கு வெள்ளை. மேசைக்கு மஞ்சள்.
கரண்ட் போனால் இருட்டில் குந்தி
தடவித் தடவி மாற்றுகிறேன்.
பற்றரிகள் மடியில் உருண்டு திசை மாறினாலும்
மஞ்சள் ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு உதவி நானா.
அந்த மாதிரிப் பல்பு
உங்கள் லாச்சி மூலையில் மிச்சமிருந்தால்
எறிந்துவிடாதீர்கள்.
சம்பளத்துக்கு மறுநாள் வருவேன்,
நாலு எடுத்து வையுங்கள்.
விலையைக் கூட்டுவதென்றால்
கொஞ்சமாகக் கூட்டுங்கள்.