தொண்ணூற்றெட்டாவது பந்து

மார்ச் மாதம். டொலிடோவில் பனி உருகாத ஞாயிறு.
மருத்துவமனை கேன்டீனில் பத்துப் பேர் கூடி
எங்கள் ஃபேன்டஸி லீக்குக்கு ஏலம் எடுத்தோம்.
எலிசியோ மன்சனாரெஸ் ஒருவனுக்கே
கையிருப்பில் பாதிக்கு மேல் கொட்டினேன்.
"ஒரே தோளை நம்பியா முழு வருஷமும்?" என்று சிரித்தார்
இரவு ஷிப்டில் தரை துடைக்கும் ரூடி.

அன்றிலிருந்து நான் கணக்குப்பிள்ளை.
ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு எண்பத்தாறு பந்து,
மே மாதம் தொண்ணூற்றொன்று,
ஜூனில் ஒருநாள் நூற்றுநான்கு.
இடையில் எத்தனை நாள் ஓய்வு,
வேகம் எத்தனை மைல் இறங்கியது,
எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்.
அதே தாளின் மூலையில்
'பிரஷர் மாத்திரை வாங்கணும்' என்ற குறிப்பு
மூன்று மாதமாக அடிபடாமல் கிடந்தது.

சாண்டோ டொமிங்கோவுக்கு அப்பால் ஏதோ ஊர்க்காரன்.
அவன் முழங்கையைப் பற்றி
அவனைப் பெற்றவளைவிட எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
தொழில் அப்படி.
பகலெல்லாம் எம்.ஆர்.ஐ. அறையில்
அடுத்தவர் மூட்டுகளைப் படமெடுக்கிறவள்.
எலும்போடு எலும்பைக் கட்டும் அந்த நார்
நன்றாக இருந்தால் ஒரே கறுப்புக் கோடு.
கிழிந்திருந்தால் அதற்குள் வெள்ளை புகுந்திருக்கும்,
கதவிடுக்கில் வெளிச்சம் போல.

ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை, ஏழாவது இன்னிங்ஸ்.
அந்த வாரம் ஜெயிக்க
ஒரு ஸ்ட்ரைக்அவுட் பாக்கி எனக்கு.
மேனேஜர் எழுந்து படியில் கால் வைத்தார்.
"இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று
டிவியைப் பார்த்துக் கத்தினேன்.
பூனை சோபாவுக்கு அடியில் போய்விட்டது.
அவர் உட்கார்ந்துவிட்டார்.
தொண்ணூற்றெட்டாவது பந்து.
மட்டைக்காரன் காற்றைத்தான் அடித்தான்.

துள்ளினேன். பாதித் துள்ளலில் பார்த்தேன்,
எலிசியோ கையை உதறினான்.
ஈரத்தை உதறுகிற மாதிரி இல்லை.
மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மட்டும்
மடக்கி, விரித்து,
அவை தன்னுடையவைதானா என்று பார்க்கிற மாதிரி.
வர்ணனையாளர்கள் விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.
அந்த உதறலை
வாரத்துக்கு நாலு தடவை என் அறை வாசலில் பார்க்கிறேன்.

பதினொன்றே கால் மணிக்கு ரூடிக்கு ஒரு பேரம் அனுப்பினேன்.
எலிசியோவை எடுத்துக்கொள்ளுங்கள்,
உங்கள் முதல் பேஸ்காரனையும்
அந்தப் புது பிட்சரையும் கொடுங்கள்.
இரண்டே நிமிஷத்தில் பதில்: "நிஜமாவா, ஜனீனா?"
பிறகு ஒரு கேக் படம்,
மெழுகுவர்த்தி ஏற்றியது.

திங்கள், முன்கையில் இறுக்கம்.
புதன், பதினைந்து நாள் ஓய்வு.
அடுத்த செவ்வாய், அறுவை சிகிச்சை,
திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகலாம்.
ரூடி துடைப்பத்தில் சாய்ந்து நின்று
"பாவம், பையனுக்கு இருபத்தாறுதானே" என்றார்.
பேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
எனக்கு நல்ல நேரம் என்று மட்டும் சொன்னார்,
அதிலும் துளி பொறாமை இல்லை.
நான் காபி இயந்திரத்தின் பொத்தான்களை
ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கோப்பை எனக்குத்தான் வந்தது. பிளாஸ்டிக்.
மைக்ரோவேவ் மேல் நிற்கிறது,
கதவைச் சாத்தும்போதெல்லாம் ஆடுகிறது.
ஃப்ரிட்ஜ் தாளைக் கிழிக்கவில்லை.
ஆகஸ்டுக்குக் கீழே வெறும் கட்டங்கள்.

நேற்று ஒரு பள்ளிக்கூடப் பையன்,
வெளியே பனி கொட்டினாலும் உள்ளரங்கில் எறிகிறவன்,
விரல்களை உதறிக்கொண்டே வந்தான்.
குழாய்க்குள் போனதும் மைக்கில் கேட்டான்,
"ஏதாவது தெரியுதா?"

தெரிந்தது.
சொல்வது டாக்டரின் வேலை, எனக்கு அனுமதியில்லை.
திரையில் கதவிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்தபடி
பொத்தானை அழுத்திச் சொன்னேன்,
"இன்னும் ஒண்ணே ஒண்ணு, கண்ணு.
ஆடாம இரு."