நூற்றுக்கு எத்தனை

வ்ரோத்ஸ்வாஃப் நகரில் பாலம் ஏறாமல்
அதிக தூரம் போக முடியாது.
நான் தபால்காரி.
ஓராண்டாக ஓத்ரா ஆற்றின்
இந்தக் கரைக் கடிதங்களை மட்டும்
கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.
மறுகரையை ஸ்வாவோமிர் பார்த்துக்கொண்டான்,
மாதம் ஒரு புட்டி செர்ரி வோட்காவுக்கு.

முதலில் போன இடத்தில்
நல்ல நாற்காலி. நல்ல மௌனம்.
அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.
ஒன்பது வாரம் சொன்னேன்.
அம்மா தீர்ந்துபோனாள்.
பாலம் அப்படியே இருந்தது.

இரண்டாமவர் அன்பானவர்.
எது சொன்னாலும் தலையசைப்பார்.
பாலம் இடிந்துவிடும் என்றேன்,
அதற்கும் அசைத்தார்.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மூன்றாவது ஆளுக்கு முன்னால்
கேள்விகளை ஒரு கவரின் முதுகில் எழுதிக்கொண்டேன்,
வாடகைக்கு வீடு பார்ப்பவள் போல.
எங்கே பயின்றீர்கள்.
பாலத்துக்குப் பயந்தவர்களை முன்பு பார்த்ததுண்டா.
இது பலிக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வோம்.
கடைசிக் கேள்விக்கு
ஹால்ஷ்கா வ்ரூபெல் பேனாவைக் கீழே வைத்தார்.
"ஆறாவது வாரம் நீங்களே எனக்கு மார்க் போடுங்கள்.
குறைந்தால் வேறொருவர் பெயர் தருகிறேன்."
கோட்டைக் கழற்றி மாட்டினேன்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று
கதவில் எழுதியிருந்தது.
அத்தனை பெரிய பெயருக்கு
ஒரு பென்சிலும் கட்டம் போட்ட தாளும்தான் கருவி.
நாற்காலியின் ஒரு கால் ஆடியது.

பாலம் இடியும் என்பதை
நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள்?
எண்பத்தைந்து.
ஆதாரம்?
வயிறு சொல்கிறது.
வயிறு இதுவரை சொன்னதில் எத்தனை நடந்தது?
வீட்டில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன்.
ஒன்று.
கெட்டுப்போன ஹெர்ரிங் மீன்.

ஐந்தாவது வாரம். பிப்ரவரி. காற்று.
குருன்வால்த் பாலத்தின் முதல் கோபுரம்வரை நடந்தோம்.
"எத்தனை?"
"தொண்ணூற்றைந்து."
"நில்லுங்கள்."
டிராம் போனது. தரை நடுங்கியது.
கையுறைக்குள் இருந்தவை என் விரல்களே இல்லை.
அவரும் கைப்பிடியைப் பிடித்திருந்தார்,
எனக்காகவா தனக்காகவா
என்று நான் கேட்கவில்லை.
"இப்போது?"
எண்பது.
இன்னொரு டிராம்.
அறுபத்திரண்டு.
சொல்லிவிட்டுச் சிரித்தேன்.
அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?

ஆறாவது வாரம் மார்க் போட்டேன்: எழுபது.
நாற்காலிக்குப் பத்து போயிற்று.
மீதி இருபது பாலத்தின் மறுபாதி,
அதில் இன்னும் கால் வைக்கவில்லை.

ஸ்வாவோமிரிடம் எதுவும் சொல்லவில்லை.
இன்று காலை மறுகரைக் கடிதம் ஒன்று
தவறி என் பையில் வந்தது.
மின்கட்டண பாக்கி, சிவப்பு முத்திரை.
விலாசத்தை இரண்டு முறை படித்தேன்.
ஐம்பது, என்று சொல்லிக்கொண்டேன்.
ஐம்பத்தைந்து.
பொத்தான்களைக் கழுத்துவரை போட்டேன்.